ஆலை நகரத்தின் ஐரிஷ் வேர்களைப் பதிவேடுகளில் தேடுவது எப்படி

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெரிமாக் ஆற்றங்கரையில் லோவெல், லாரன்ஸ் என்று இரண்டு பழைய பஞ்சாலை நகரங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வசிக்கின்றன; நானும் அவர்களில் ஒருவன். எங்கள் தெருவில் எண்பது வயதைக் கடந்த ஐரிஷ் வழிவந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். தம் கொள்ளுத்தாத்தா லோவெலில் எந்த ஆலையில் வேலை பார்த்தார் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என அவர் ஒரு நாள் என்னிடம் கேட்டார். கணினியில் தேடத் தெரியும் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை. ஆயினும் இரண்டு குளிர்காலங்கள் அந்தத் தேடலிலேயே கழிந்தன. அப்போது செய்த தவறுகளிலிருந்து கற்றுக்கொண்ட முறையையே இங்கே எழுதுகிறேன். அண்டை வீட்டாருக்காகவோ, சம்பந்தி வீட்டாருக்காகவோ, பிள்ளைகளின் பள்ளி வரலாற்றுப் பாடத்திற்காகவோ இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு இது உதவக்கூடும்.

தொடங்குபவர்கள் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்தே தொடங்குகிறார்கள். எந்த மாவட்டம், எந்தக் கிராமம் என்று அங்கே துழாவிவிட்டு, ஒரே பெயரில் நூறு பேரைக் கண்டு சோர்ந்துபோகிறார்கள். நானும் அப்படித்தான் முதல் மூன்று மாதங்களை வீணாக்கினேன். அமெரிக்காவின் ஆலை நகரங்களில் ஐரிஷ் குடும்பங்கள் தங்கள் சுவடுகளை விட்டுச் சென்ற இடங்கள் வேறு: பங்குக் கோவிலின் (ஒரு வட்டாரத்துக் கத்தோலிக்கர்களுக்கான கோவில்) பதிவேடு, வார்டு வாக்காளர் பட்டியல், நகராட்சியின் ஆண்டறிக்கை, கல்லறைத் தோட்டம். கிராமத்தின் பெயர் கிடைப்பதும் பல நேரங்களில் இந்த நகரத் தாள்களில்தான். ஆகவே நகரத்தை முழுவதுமாகத் தேடி முடித்த பிறகே கடலைத் தாண்ட வேண்டும்.

காலத்தைச் சரிசெய்துகொள்ளுதல்

‘பஞ்சத்தில் வந்தவர்கள்’ என்று குடும்பத்தார் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சம் 1845-இல் தொடங்கியது. லோவெலுக்கு ஐரிஷ்காரர்கள் வந்தது அதற்கு 23 ஆண்டுகள் முன்பே. பாடக்கெட் அருவியின் வீழ்ச்சியைக் கொண்டு நெசவு இயந்திரங்களை ஓட்டும் நோக்கத்துடன் மெரிமாக் கம்பெனி அங்கே நிலம் வாங்கியபோது, 1796-இல் படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டிருந்த பழைய கால்வாயை அகலப்படுத்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1822 ஏப்ரலில், டைரோன் மாவட்டத்தைச் சேர்ந்த ஹியூ கம்மிஸ்கி, சார்ல்ஸ்டவுனிலிருந்து சுமார் 30 ஐரிஷ் கூலியாட்களைக் கால்நடையாகவே அழைத்து வந்தார். கம்பெனியின் முகவரான கிர்க் பூட் அவர்களை எதிர்கொண்டு, களைப்பாறிக்கொள்ளச் சிறிது பணமும் கொடுத்தார் என்று அந்நகரத்தில் இன்றும் சொல்லப்படுகிறது.

மண் வெட்டவும் கல் சுமக்கவும் வந்த இவர்களுக்கு ஆலைக்குள் இடம் இருக்கவில்லை. தறிகளை ஓட்டியவர்கள் நியூ இங்கிலாந்துப் பண்ணை வீடுகளிலிருந்து வந்த இளம் பெண்கள். கம்பெனி கட்டிய விடுதிகளில் தங்கியிருந்தவர்கள். லோவெலின் ஹாமில்டன் கம்பெனி ஏடுகளின்படி, 1836-இல் அங்கு வெளிநாட்டில் பிறந்த தொழிலாளர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. 1860-இல் 60 சதவீதத்துக்கும் மேல். இவ்விரு ஆண்டுகளுக்கு இடையில்தான் பஞ்சமும், பண்ணைப் பெண்கள் ஆலைகளை விட்டு விலகியதும், ஐரிஷ் பெண்கள் உள்ளே நுழைந்ததும் நிகழ்ந்தன. உங்கள் குடும்பத்து ஆள் 1830-களில் வந்தவர் என்றால் அவரைக் கால்வாயிலும் கட்டுமானத்திலும் தேடுங்கள். 1850-களில் வந்த குடும்பம் என்றால் மகள்களை ஆலையிலும் தந்தையைத் தெருவேலையிலும் தேடுங்கள்.

எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். அந்தக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டதே 1892-இல்தான். லோவெலுக்கு வந்த பழைய குடும்பங்கள் பாஸ்டன் துறைமுகம் வழியாகவோ, கட்டணம் குறைவு என்பதால் கனடாவின் கியூபெக், செயின்ட் ஜான் துறைமுகங்கள் வழியாகவோ வந்தவை. கனடா வழி வந்தவர்களுக்குக் கப்பல் பட்டியல் கிடைப்பது அரிது. அதைத் தேடி நாள்களைச் செலவிட வேண்டாம்.

பங்கிலிருந்து தொடங்குதல்

லோவெலில் ஐரிஷ்காரர்கள் குடிசை போட்ட பகுதிக்கு ‘ஏக்கர்’ என்று பெயர். கோவில் கட்ட பூட் ஓர் ஏக்கர் நிலம் கொடுத்ததால் அப்பெயர் வந்தது என்று சொல்வார்கள். அளவு எப்படியோ, நிலம் கிடைத்ததும், அதில் எழுந்த புனித பேட்ரிக் மரக்கோவிலை 1831 ஜூலையில் ஆயர் ஃபென்விக் அர்ச்சித்ததும் உறுதி. இன்று நிற்கும் கற்கோவில் 1850-களில் கட்டப்பட்டது. ஏக்கரில் இருந்தவர்கள் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். கார்க் மாவட்டத்தாரும் கொனாட் பகுதியாரும் தனித்தனி முகாம்களாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருக்கிறார்கள். தேடுபவருக்கு இந்தச் சண்டையாலும் ஒரு பயன் உண்டு: ஒரே சந்தில் வசித்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர்ப்பக்கத்தைச் சேர்ந்தவர்கள். உங்கள் ஆளின் ஊர் தெரியாவிட்டால் அவர் அண்டை வீட்டாரின் ஊரைத் தேடுங்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தை, தாய், தந்தை ஆகியோரின் பெயர்களோடு, சடங்கில் குழந்தைக்குப் பொறுப்பாக நிற்கும் ஞானப்பெற்றோரின் பெயர்களும் இருக்கும். பெற்றோரை விட ஞானப்பெற்றோரே துப்புக் கொடுப்பவர்கள் என்பது என் அனுபவம். புது நாட்டில் ஒரு தாய் தன் குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்க அழைப்பது உடன்பிறந்தவளை அல்லது ஊர்க்காரியைத்தான். நான்கு குழந்தைகளின் பதிவுகளையும் எடுத்து, திரும்பத் திரும்ப வரும் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இந்தப் பதிவேட்டில்தான் நம்பத்தக்க வகையில் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெயர்கள் லத்தீனில் இருந்தால் மலைக்க வேண்டாம். ஜோவான்னெஸ் என்றால் ஜான், யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், ஹொனோரா என்பவர் வீட்டில் நோரா. பிரிட்ஜெட் என்ற பெயர்தான் தொல்லை. அதே பெண் ஓர் ஏட்டில் பிடி, இன்னோர் ஏட்டில் டீலியா, மூன்றாவதில் பெர்தா என்றுகூட இருப்பாள்.

லோவெலும் லாரன்ஸும் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தை, அதாவது பேராயரின் நிர்வாகப் பகுதியை, சேர்ந்தவை. அவ்வுயர்மறைமாவட்டத்தின் 1789 முதல் 1920 வரையிலான பங்குப் பதிவேடுகளை, 1845-இல் தொடங்கப்பட்ட நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம் இணையத்தில் படங்களாக வெளியிட்டிருக்கிறது. எனவே பங்கு அலுவலகத்தின் கதவைத் தட்டுவதற்கு முன் அங்கே தேடிவிடுங்கள். அப்படியும் நேரில் போக வேண்டியிருந்தால் முன்கூட்டியே கடிதம் எழுதி, நாள் குறித்துக்கொண்டு, ஒரு சிறு காணிக்கையோடு போவது மரியாதை. நான் ஒரு முறை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பங்கு அலுவலகத்துக்குப் போய் நின்றேன். அங்கிருந்த பெண்மணி ஒரே சமயத்தில் ஒரு சவ அடக்கத்துக்கும் ஒரு முதல் நற்கருணை வகுப்புக்கும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். 1852-ஆம் ஆண்டைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு அவர் காட்டிய முகத்தை இன்னும் மறக்கவில்லை.

பங்குப் பதிவேட்டுக்குப் பக்கத்துணையாக அரசுப் பதிவுகளையும் வையுங்கள். மாசசூசெட்ஸில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் மாநில அளவில் 1841 முதல் இருக்கின்றன. திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயர்களும் இருக்கும். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்ற ஒற்றைச் சொல்தான்.

டைரக்டரியும் கணக்கெடுப்பும்

ஆலை நகரங்கள் முகவரி டைரக்டரிகளை ஆண்டுக்கு ஒன்றாகவோ ஈராண்டுக்கு ஒன்றாகவோ அச்சிட்டன. பெயர், தொழில், வீட்டு முகவரி என்று ஒற்றை வரிதான். ஆனால் அந்த ஒற்றை வரிகளை இருபது ஆண்டுகளுக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் ஒரு வாழ்க்கையே தெரியும். அம்மையாரின் கொள்ளுத்தாத்தா 1850-களின் நடுவில் ஏக்கரில் ஒரு சந்தின் பின்கட்டில் ‘கூலியாள்’. பன்னிரண்டு ஆண்டுகள் அதே சொல். பிறகு வார்டு மாறாமல் வீடு மட்டும் மாறுகிறது. தொழில் ‘விளக்கேற்றுபவர்’ ஆகிறது, அதாவது நகரத்துத் தெருவிளக்கு வேலை. சில ஆண்டுகள் கழித்து அவர் பெயர் மறைந்து, அதே முகவரியில் அவருடைய மனைவியின் பெயருக்கு எதிரே ‘விதவை’ என்று வருகிறது. மகள்கள் மூவரும் ஆலைத் தொழிலாளிகள். பேத்தி ஒருத்தி ஆசிரியை.

எந்த ஆலை என்று அம்மையார் கேட்ட கேள்விக்கு, அவர் எந்த ஆலையிலும் இருந்ததில்லை என்பதுதான் பதில். குடும்பக் கதையில் மகள்களின் உழைப்பைத் தந்தையின் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தார்கள். அதைச் சொன்னபோது அம்மையார் வெகு நேரம் சிரித்தார். இத்தகைய பிழைகள் சாதாரணம். ஆகவே கதையைப் பதிவோடு ஒப்பிடாமல் எழுதி வைக்காதீர்கள்.

மத்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டிலுள்ள அனைவரின் பெயரும் இடம்பெறுவது 1850 முதல். குடும்பத் தலைவருக்கு மற்றவர்கள் என்ன உறவு என்பது 1880 முதல். குடியேறிய ஆண்டும் குடியுரிமை நிலையும் 1900-இல். அதே 1900 கணக்கெடுப்பில், ஒரு தாய் பெற்ற குழந்தைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்று இரண்டு கட்டங்கள் உண்டு. ஐரிஷ் ஏக்கரில் அவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தெரு முழுவதும் படித்துக்கொண்டே போவது எளிதன்று. நான் ஒரு மாலையில் பாதியில் நிறுத்திவிட்டேன். 1890 கணக்கெடுப்பு 1921-இல் நேர்ந்த தீவிபத்தின் விளைவாகப் பெரும்பாலும் அழிந்துபோனது. அந்த இடைவெளியை டைரக்டரி கொண்டுதான் நிரப்ப வேண்டும். மாசசூசெட்ஸ் தனியாக எடுத்த 1855, 1865 கணக்கெடுப்புகளும் கிடைக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

குடியுரிமையும் வாக்கும்

ஐரிஷ்காரர்கள் நகரத்தின் மேல் உரிமை கொண்டாடத் தொடங்கியது வாக்குச் சீட்டின் வழியாக. அதனாலேயே அந்த வாக்குச் சீட்டைச் சுற்றி வேலி போட்டார்கள். 1854 தேர்தலில், குடியேறியவர்களையும் கத்தோலிக்கர்களையும் எதிர்த்த ‘நோ நத்திங்’ கட்சி மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தை ஏறக்குறைய முழுவதுமாகக் கைப்பற்றியது. ஐரிஷ் படைக்குழுக்கள் கலைக்கப்பட்டன. கன்னியர் மடங்களைச் சோதனையிட ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. 1855-இல் லோவெலில் நாட்டர்டாம் அருட்சகோதரிகளின் பள்ளியைப் பார்க்க வந்த அக்குழுவில் இருந்த ஜோசப் ஹிஸ் என்ற உறுப்பினர், தம்மோடு ஒரு பெண்ணை அரசுச் செலவில் லோவெல் விடுதியில் தங்கவைத்த விவகாரம் வெளிவந்து, சட்டமன்றத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். ஆனால் அந்தக் காலத்து உணர்வு சட்டமாகவும் தங்கிவிட்டது. 1857-இல், ஆங்கிலத்தில் அரசியலமைப்பைப் படிக்கவும் தம் பெயரை எழுதவும் தெரிந்தால்தான் புதிதாக வாக்காளராகலாம் என்ற திருத்தம் வந்தது. 1859-இல், குடியுரிமை பெற்ற பிறகும் ஈராண்டு காத்திருக்க வேண்டும் என்ற திருத்தம் வந்து, 1863-இல் நீக்கப்பட்டது.

பக்கத்து மாநிலமான ரோட் தீவு இன்னும் கடுமை. அங்கே வெளிநாட்டில் பிறந்த குடிமகன் 134 டாலர் மதிப்புள்ள நிலம் வைத்திருந்தால்தான் வாக்களிக்க முடியும் என்ற விதி 1888 வரை நீடித்தது. அம்மாநிலத்தின் பாடக்கெட் (லோவெல் அருவியின் பெயரே கொண்ட வேறு ஊர்), வூன்சாக்கெட் ஆலைத் தெருக்களில் வாடகைக்குக் குடியிருந்த ஐரிஷ் தொழிலாளி குடியுரிமை பெற்றிருந்தும் வாக்காளர் பட்டியலில் காணப்படாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதே மாநிலத்தில், பஞ்சாலை அதிபர் அமாசா ஸ்ப்ராக் 1843-இன் கடைசி நாளில் கொலையுண்ட வழக்கில், ஜான் கார்டன் என்ற ஐரிஷ் கத்தோலிக்கர் 1845 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். சாட்சியம் வலுவற்றது என்ற எண்ணம் பரவி, 1852-இல் அம்மாநிலம் மரண தண்டனையை ஒழித்தது. 2011-இல் ஆளுநர் லிங்கன் சேஃபி கார்டனுக்கு மன்னிப்பு வழங்கினார். ரோட் தீவுக் குடும்பங்களைத் தேடுபவர்கள் இந்த வழக்கைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. எந்த மனநிலையில் அந்தப் பதிவேடுகள் எழுதப்பட்டன என்பது விளங்கும்.

குடியுரிமைத் தாள்களைத் தேடும்போது 1906 செப்டம்பர் என்ற எல்லையை மனத்தில் வையுங்கள். அதற்கு முன்பு எந்த நீதிமன்றத்திலும் மனுக் கொடுக்கலாம் என்பதால், லோவெல்காரரின் மனு அங்குள்ள காவல் நீதிமன்றத்திலும் இருக்கலாம், பாஸ்டனிலும் இருக்கலாம். பழைய மனுக்களில் விவரம் குறைவு. விக்டோரியா அரசிக்கான விசுவாசத்தைத் துறப்பதாக ஒரு வரி, சாட்சிகள் இருவர். அந்தச் சாட்சிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஊர்க்காரர்கள் அல்லது வார்டு அரசியல்காரர்கள். மணமான பெண்களின் மனுக்களைத் தேடிப் பயனில்லை. 1855 சட்டப்படி மனைவி கணவரின் குடியுரிமையைப் பெற்றாள்; 1922 வரை அந்நிலை தொடர்ந்தது. ஆனால் மாசசூசெட்ஸில் 1879 முதல் பெண்கள் பள்ளிக் குழுத் தேர்தலில் மட்டும் வாக்களிக்கலாம் என்பதால், தனிப் பெண் வாக்காளர் பட்டியல்கள் சில நகரங்களில் கிடைக்கும். அவற்றில் ஒரு பாட்டியின் பெயர் கிடைத்தால் அது பொக்கிஷம்.

நகராட்சியின் ஆண்டறிக்கை

யாரும் விரும்பிப் படிக்காத நூல் இது. எனக்கு மிகவும் பிடித்துப்போனதும் இதுதான். ஒவ்வொரு நகராட்சியும் தன் வரவுசெலவையும் ஊழியர் பெயர்களையும் ஆண்டுதோறும் அச்சிட்டது. பள்ளிக் குழு, காவல், தீயணைப்பு, ஏழைகள் நலன், தெருப் பராமரிப்பு என்று துறைவாரியாகப் பார்த்தால், ஐரிஷ் பெயர்கள் முதலில் உதவி பெறுவோர் பட்டியலில் வருவதும், பிறகு தெருவேலைக் கூலிப் பட்டியலுக்கு மாறுவதும், ஒரு தலைமுறைக்குப் பின் காவலர், ஆசிரியை பட்டியல்களை நிறைப்பதும் தெரியும். ஐந்து ஆண்டுக்கு ஒரு தொகுதி என்று எடுத்து, பள்ளித் துறையின் பெயர்ப்பட்டியலை மட்டும் ஒப்பிடுங்கள், அதுவே போதும்.

லோவெலில் இதற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1831-இல் அவ்வூர் ஐரிஷ் பிள்ளைகளின் பள்ளிக்காக 50 டாலர் ஒதுக்கியது. 1835-இல் முறையான உடன்பாடே ஏற்பட்டது. பள்ளிச் செலவு ஊருடையது, ஆசிரியர்கள் கத்தோலிக்கர்கள், பாடநூல்களில் அவர்கள் மதத்தைப் பழிக்கும் பகுதி இருக்கக் கூடாது, தேர்வும் மேற்பார்வையும் பள்ளிக் குழுவின் பொறுப்பு. 1852-இல் அருட்சகோதரிகள் வந்து தனிப் பள்ளி தொடங்கிய காலம் வரை இந்த ஏற்பாடு நடந்தது. மூன்றாண்டுகள் கழித்து மடத்தைச் சோதனையிட ஆள் வந்த அதே ஊரில், இருபதாண்டு முன்னதாக இப்படி ஓர் உடன்பாடு எப்படிச் சாத்தியமாயிற்று? ஆலை முதலாளிகளுக்கு அமைதியான தொழிலாளர் குடியிருப்பு தேவைப்பட்டது. பங்குத்தந்தைக்குப் பள்ளி தேவைப்பட்டது. பள்ளிக் குழுவின் அறிக்கைகளில் இந்த ‘ஐரிஷ் பள்ளிகள்’ பற்றிய பத்திகள் இருக்கின்றன. அவற்றை மூலத்திலேயே படியுங்கள்.

லாரன்ஸில் இந்த உறவின் இன்னொரு முகம் தெரியும். டிப்பரரியில் பிறந்த ஜான் பிரீன் என்ற ஈமச்சடங்கு நிலையக்காரர் 1881-இல் அந்நகர மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு லோவெல் ஜான் டோனவனைத் தேர்ந்தெடுத்தது. பாஸ்டனே ஹியூ ஓபிரையனை மேயராக்கியது 1884 இறுதியில்தான். தலைநகரை ஆலை நகரங்கள் முந்திக்கொண்டன. முப்பது ஆண்டுகள் கழித்து, 1912-இல், லாரன்ஸில் இத்தாலியர், போலந்தியர், லித்துவேனியர், சிரியர் எனப் பல மொழித் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, எதிர்த்தரப்பில் நின்ற நகர ஆட்சியில் ஐரிஷ் பெயர்களே மிகுதி. மேயர் மைக்கேல் ஸ்கான்லன். வேலைநிறுத்தக்காரர்கள் மேல் பழி விழும்படி நகரத்தில் மூன்று இடங்களில் டைனமைட் வைத்தது கண்டுபிடிக்கப்பட்டு, 500 டாலர் அபராதத்தோடு தப்பியவர் யார் என்று பார்த்தால், பழைய மேயர் பிரீனின் மகன். பள்ளிக் குழு உறுப்பினர். அவரும் ஈமச்சடங்குத் தொழில் செய்தவர். அதே ஆண்டு அக்டோபர் 12-இல் ‘கடவுளுக்காகவும் நாட்டுக்காகவும்’ என்று தொழிற்சங்கத்துக்கு எதிராகப் பெரும் ஊர்வலம் நடத்தியவர் புனித மரியாள் பங்கின் ஜேம்ஸ் ஓரைலி அடிகளார். மரபைத் தேடுபவர்கள் ஒடுக்கப்பட்ட காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிகாரத்தில் இருந்த காலத்தை விட்டுவிடுவது நேர்மையாகாது. அதற்காகவேனும் லாரன்ஸின் 1912 ஏடுகளைப் பார்த்துவிட வேண்டும்.

பிரீன் குடும்பத்தின் தொழில் இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. வார்டு அரசியலில் ஈமச்சடங்கு நிலையக்காரர்களும் மதுக்கடைக்காரர்களும் செல்வாக்குப் பெற்றதற்குக் காரணம், அவர்களுக்கு எல்லாக் குடும்பங்களையும் தெரிந்திருந்ததுதான். அத்தகைய பழைய நிலையங்களின் கணக்கேடுகள் எங்கேனும் காப்பகத்தில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். செலவை யார் கொடுத்தார் என்ற ஒரே குறிப்பில் தொலைந்துபோன உறவுகள் கிடைக்கும்.

கல்லறையும் செய்தித்தாளும்

லோவெலின் புனித பேட்ரிக் கல்லறைத் தோட்டம் 1832-இல் தொடங்கியது. அதன் பழைய பகுதியில் சிலேட்டுக் கற்கள் சாய்ந்தும் உடைந்தும் நிற்கின்றன. பதிவேடுகள் எல்லாம் ‘அயர்லாந்து’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்ள, இந்தக் கற்கள் மட்டும் இன்ன மாவட்டம், இன்ன பங்கு என்று பேசும். செத்த பிறகாவது ஊர்ப்பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார்கள் போலும். காலை வெயிலோ மாலை வெயிலோ கல்லின் மேல் பக்கவாட்டில் விழும்போது போங்கள்; உச்சிவேளையில் எழுத்துகள் மறைந்துவிடும். வெயில் சரியான கோணத்தில் இல்லையென்றால் ஒரு நிலைக்கண்ணாடியைக் கொண்டு ஒளியைத் திருப்பலாம். சுண்ணக்கட்டி தேய்ப்பதும், சவர நுரை பூசுவதும், கம்பித் தூரிகையால் சுரண்டுவதும் கூடாது. அருகிலுள்ள கற்கள் நான்கையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய மனையில் யார் புதைக்கப்பட்டார் என்பதைத் தோட்ட அலுவலகத்தின் மனை ஏடு சொல்லும்.

செய்தித்தாள்களில் விபத்துப் பட்டியல்களைப் பாருங்கள். 1860 ஜனவரி 10 அன்று லாரன்ஸில் பெம்பர்ட்டன் ஆலை, தரமற்ற வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்காமல் உள்ளே ஆட்கள் இருக்கும்போதே இடிந்து விழுந்தது. இடிபாடுகளில் மீட்புப் பணி நடக்கையில் ஒரு விளக்கிலிருந்து தீயும் பற்றியது. இறந்தோர் எண்ணிக்கையை 88 முதல் 145 வரை பலவாறாகச் சொல்கிறார்கள். இறந்தவர்களிலும் காயமுற்றவர்களிலும் ஐரிஷ் பெண்கள் பலர். அந்த நாள்களின் பத்திரிகைப் பட்டியல்கள், வேறெந்த ஏட்டிலும் இடம்பெறாத வேலைக்காரப் பெண்களின் பெயர்களைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

இனிக் கடலைத் தாண்டலாம்

பாலமாக இருப்பது பாஸ்டனின் ‘பைலட்’ என்ற கத்தோலிக்கப் பத்திரிகை. 1831 முதல் 1921 வரை அது ‘காணாமற்போன நண்பர்கள்’ விளம்பரங்களை வெளியிட்டது. கணவனைத் தேடும் மனைவி, தங்கையைத் தேடும் அண்ணன் என்று தேடுபவர்கள், ஆள் அடையாளம் பிசகக் கூடாது என்பதற்காகப் பிறந்த மாவட்டம், பங்கு, சில நேரம் கிராம உட்பிரிவு வரை எழுதி, கடைசியாகக் கேள்விப்பட்ட ஆலை நகரத்தையும் குறிப்பிட்டார்கள். பாஸ்டன் கல்லூரி இவற்றைத் தேடத்தக்க தரவுத்தளமாக்கியிருக்கிறது. உங்கள் ஆள் அதில் இல்லாவிட்டாலும், அதே குடும்பப் பெயரோடு அதே நகரத்தில் இருந்தவர்கள் எந்த மாவட்டத்தார் என்பது தெரியும்.

அயர்லாந்தில் ஊர் என்றால் டவுன்லாண்ட் என்னும் சிறு நிலப்பிரிவு. அப்படி 60 ஆயிரத்துக்கு மேல் உள்ளன. டவுன்லாண்ட் பெயர் கையில் இருந்தால் 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீட்டில், நம் அடங்கலில் பார்ப்பதுபோல, யார் எந்த நிலத்தை யாரிடமிருந்து குத்தகைக்கு வைத்திருந்தார் என்று பார்க்கலாம். கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது. கணக்கெடுப்பைப் பொறுத்தவரை, 1911 வரையிலானவற்றில் 1901, 1911 மட்டுமே முழுமையாக உண்டு. 1821 முதல் 1851 வரையிலானவை பெரும்பாலும் 1922-இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத் தீயில் போயின. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்துவிட்டிருந்தது. ஆகவே 1850-இல் புறப்பட்டவரை அங்கே கணக்கெடுப்பில் தேட முனைய வேண்டாம்.

இன்றைய உறவுகள்

அயர்லாந்துத் தீவில் பிறந்த தாத்தாவோ பாட்டியோ இருப்பவர், வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பதிந்துகொண்டு ஐரிஷ் குடிமகனாகலாம். கொள்ளுத்தாத்தா வழியில் கேட்பவருக்கு, அவர் பிறப்பதற்கு முன்பே பெற்றோர் அப்பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். இதற்காகத் தேடுபவர்களிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். பலருக்கு ஒரு தலைமுறை தள்ளிப்போய்விட்டிருக்கும். எங்கள் அம்மையாருக்கும் அப்படித்தான். தேவைப்படுபவை தாத்தா அல்லது பாட்டியின் ஐரிஷ் பிறப்புச் சான்று தொடங்கி, ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணச் சான்றுகள். அமெரிக்கச் சான்றுகளை நகர எழுத்தர் அலுவலகத்தில் வாங்கலாம்.

குடிமை வாழ்வில் இந்த மரபு எப்படிப் புழங்குகிறது என்று பார்க்க விரும்புபவர்கள் ஹோலியோக்குக்குப் போக வேண்டும். கனெக்டிகட் ஆற்றின் குறுக்கே 1848-இல் கட்டிய அணை அன்றைக்கே அடித்துச் செல்லப்பட்டு, 1849-இல் மறுபடி கட்டப்பட்ட நகரம் அது. ஆலைகள் வருமுன்பே அப்பகுதிக்கு ‘அயர்லாந்துப் பங்கு’ என்று பெயர் இருந்தது. அங்கே புனித பேட்ரிக் ஊர்வலம் 1952 முதல் நடக்கிறது. 1958-இல் அவ்விழாவின் விருதைப் பெற்றவர் அப்போது செனட்டராக இருந்த ஜான் எஃப். கென்னடி, இப்போது அவ்விருதுக்கே அவர் பெயர். இன்று அந்நகரத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் போர்ட்டோரிக்கோ வழியினர். ஊர்வலத்தன்று நடைபாதை ஓரத்தில் நின்று யார் யார் கையசைக்கிறார்கள், மேடையில் யார் இருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

லோவெலில் 1978-இல் அமைந்த தேசிய வரலாற்றுப் பூங்காவின் எண்ணத்துக்கு வித்திட்டவர் பேட்ரிக் மோகன் என்ற கல்வியாளர். அதைச் சட்டமாக்கப் பாடுபட்டவர் கிரேக்க வழிவந்த அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் பால் சாங்கஸ். ஏக்கரும் ஐரிஷ்காரர்களுக்குப் பின் கிரேக்கர்களின் குடியிருப்பாகி, பிறகு ஸ்பானிய மொழியினரும் கம்போடியரும் வந்து சேர்ந்த பகுதி. மோகன் பெயரிலுள்ள பண்பாட்டு மையம் பழைய ஆலை விடுதி ஒன்றில் 1989-இல் திறக்கப்பட்டது. அங்குள்ள ‘ஆலைப் பெண்களும் குடியேறியவர்களும்’ கண்காட்சியையும், பக்கத்தில் பூட் ஆலை அருங்காட்சியகத்தில் ஓடும் தறிகளின் இரைச்சலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். தறிக்கூடத்துக்குள் நுழையுமுன் காதடைப்பான் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேடி முடித்ததும் இரண்டு படிகள் எடுங்கள். ஒன்று குடும்பத்துக்கு, மற்றொன்று உள்ளூர் வரலாற்று மையத்துக்கு. லாரன்ஸில், அந்நகரத்தை உருவாக்கிய எசெக்ஸ் கம்பெனியின் பழைய கட்டடங்களிலேயே வரலாற்று மையம் இயங்குகிறது. ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே எந்த ஏடு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். குடும்பக் கதையைத் தனிப் பக்கத்தில், கதை என்றே தலைப்பிட்டு வையுங்கள். அம்மையாருக்கு நான் கட்டிக்கொடுத்த கோப்பில் முதல் பக்கம் டைரக்டரியின் அந்த ‘விளக்கேற்றுபவர்’ வரிதான். அதை அவர் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.